சும்மா கிடக்கிற கட்டைக்குள் என்ன இருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். வீட்டில் சும்மா கிடக்கிற மரக்கட்டை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு பத்து நிமிடம் பாருங்கள், என்ன தோன்றுகிறது என்று எனக்கு எழுதுங்கள் என்று. நன்றாக மாட்டிக்கொண்டேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி "பத்து நிமிடம் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை" ரகம். இரண்டு பேர் கட்டையை ஆறு கோணத்தில் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள், ஒருவர் கட்டையையே பார்சல் போட்டுவிட்டார் (வந்து சேர்ந்தது ஐயா, மா மரம், ஓரத்தில் வண்டு துளைத்திருக்கிறது, வெயிலில் போட்டிருக்கிறேன்). எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல இடம் இல்லை, முடிந்தவரை சொல்கிறேன். மரத்துக்குள் யானை இருக்கிற உவமையை நினைவூட்டி ஒன்பது பேர் எழுதியிருக்கிறீர்கள். தெரியும், விட்டுவிடுவோம்.

வீட்டை இடித்துக் கட்டினோம். தாத்தா காலத்து நிலைக்கதவின் சட்டம் ஒன்று மட்டும் மிச்சம். நாலடி நீளம், நாலுக்கு மூணு அங்குலம், தேக்கு என்று ஆசாரி சொன்னார். விறகுக்குப் போட மனசு வரவில்லை. மூன்று மாதமாகப் பரணிலிருந்து இறக்குகிறேன், பார்க்கிறேன், ஏற்றிவிடுகிறேன். ஐடியா வர என்ன செய்ய வேண்டும்?
– திண்டுக்கல் வாசகி

மூன்று மாதம் ஏற்றி இறக்கியதில் தோள்வலி வந்ததுதான் மிச்சமாக இருக்கும். உங்கள் கடிதத்தின் அடுத்த பக்கத்தில் சாவி மாட்டும் ஸ்டாண்ட், மேசை விளக்கு, சுவரில் அடிக்கும் ஷெல்ஃப் என்று ஒரு பட்டியல் இருக்கிறது பாருங்கள், அதெல்லாம் கடையில் விற்கிற சாமான். எந்தக் கட்டையிலும் செய்யலாம். உங்கள் தாத்தா வீட்டு நிலைச் சட்டம்தான் வேண்டும் என்று அதில் எதற்கும் கட்டாயம் இல்லை, அதனால்தான் உங்களுக்கே ஒட்டவில்லை. பட்டியலை மடித்து வைத்துவிட்டு முதலில் ஒரு வேலை செய்யுங்கள்.

சட்டத்தின் ஒரு முனையில் அரை அங்குலம் மட்டும் கூரான ரம்பத்தால் அறுத்து எடுங்கள். அறுத்த முகத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஈரத் துணியால் ஒரு துடை துடையுங்கள். தேக்கு என்றால் வளையங்கள் எழுந்து வரும். தேக்கு வருடம் ஒருமுறை இலையை உதிர்த்துவிட்டுத் துளிர்க்கிற மரம், துளிர்க்கிற பருவத்தில் பெரிய பெரிய துளைகளாக ஒரு வரிசை போடும், அதனால் வருடத்துக்கு ஒரு கோடு கிழித்த மாதிரி இருக்கும். அந்தக் கோடுகள் சின்ன வட்டமாகச் சுருண்டிருந்தால் மரத்தின் நடுத்தண்டுக்குப் பக்கத்தில் அறுத்த சட்டம், கிட்டத்தட்ட நேர்கோடாக ஓடினால் பெரிய அடிமரத்தின் வெளிப்பக்கத்தில் அறுத்தது. எண்ணியும் பார்க்கலாம். நாலுக்கு மூணு சட்டத்துக்குள் இத்தனை வருடம் அடைந்து கிடக்கிறதா என்று முதல் தடவை எண்ணும்போது கொஞ்சம் திகைப்பாக இருக்கும், எனக்கு இருந்தது.

இதையே வாழ்நாள் வேலையாகச் செய்கிற ஒருவர் இத்தாலியில் இருக்கிறார். ஜுசெப்பே பெனோனே, சிற்பி, 1947இல் பிறந்தவர். 1969இல், தனக்கு 22 வயது இருக்கும்போது, மில்லில் அறுத்துச் சதுரமாக்கிய ஒரு உத்திரத்தை எடுத்தார். கட்டடக்காரர்கள் வாங்குகிற சாதாரண உத்திரம்தான். அதன் வளையங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, அந்த ஒரு வளையத்துக்கு வெளியே இருக்கிற மரத்தை மட்டும் உளியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டே போனார். இடம் வலம் நகராமல் அந்த ஒரு வருடத்தின் தோலையே பிடித்துக்கொண்டு, உத்திரம் நெடுக. கணு வருகிற இடத்தில் கணுவை விட்டுச் சுற்றிலும் செதுக்கினார், ஏனென்றால் கணு என்பது கிளையின் வேர்ப்பகுதி. கடைசியில் உத்திரத்துக்குள்ளிருந்து ஒல்லியாக, குச்சிகுச்சியாகக் கிளைகள் நீட்டிக்கொண்டு ஒரு இளமரம் நின்றது. அந்த மரமே 22 வயதில் எப்படி இருந்ததோ அப்படி. அவர் வயதும் அதன் வயதும் ஒன்று. அதற்கப்புறம் அவர் அதைத் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறார். 12 மீட்டர் உயரத்துக்கு 1980–82இல் செய்த ஒன்று லண்டன் டேட் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. 1999 டிசம்பர் புயலில் பிரான்ஸின் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் சாய்ந்த பெரிய தேவதாரு ஒன்றையும் விடவில்லை, அந்தப் பருத்த அடிமரத்தில் ஜன்னல் வெட்டின மாதிரி திறந்து, உள்ளே அதன் சின்ன வயசு மரத்தைக் காட்டினார்.

நீங்கள் பெனோனே மாதிரி செதுக்க வேண்டும் என்று சொல்லவில்லை, அதற்கு நடுத்தண்டு உள்ளே இருக்கிற கட்டை வேண்டும், உங்களுடையதில் இருக்கிறதா என்று வெட்டுமுகத்தைப் பார்த்தால்தான் தெரியும். நான் சொல்ல வந்தது அவர் எதையும் கற்பனை செய்து மரத்தின் மேல் ஏற்றவில்லை என்பது. உள்ளே இருந்ததைக் கண்டுபிடித்தார், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் சட்டத்துக்கு வருவோம். அது நிலையின் மேல் சட்டமா, பக்கச் சட்டமா? கடிதத்தில் இல்லை. மேல் சட்டமாக இருந்தால் முன்பக்கத்தில் சின்னச் சின்ன ஆணித் துளைகள் வரிசையாக இருக்க வேண்டும், பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் மாவிலைத் தோரணம் கட்ட ஒவ்வொரு தடவையும் யாரோ புதுசாக அடித்த ஆணி. பழைய துளையைத் தேடி அதிலேயே அடிக்கிற ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. பக்கச் சட்டமாக இருந்தால் கீல் பதித்த பள்ளமோ தாழ்ப்பாள் போய் விழுகிற துளையோ இருக்கும், கை உயரத்தில் ஓரம் மட்டும் மழுங்கி வழவழவென்று இருக்கும், செருப்பைக் கழற்றும்போது எல்லோரும் பிடித்துக்கொண்ட இடம். அடிப்பக்கம் மஞ்சளும் குங்குமமும் அடுக்கடுக்காக ஏறி, மரத்தின் நிறமே மாறியிருக்கும். இந்த நான்கில் எது உங்கள் கட்டையில் இருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பக்கத்தை மட்டும் இழைக்காதீர்கள், உப்புத்தாளும் வேண்டாம். மற்ற மூன்று பக்கத்தையும் இழைப்புளி போட்டுத் தேக்கின் எண்ணெய்ப் பளபளப்பு வரும்வரை எடுத்துவிட்டு, நாலாவது பக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். இதற்கு மேல் நான் சொன்னால் அது என் ஐடியாவாகிவிடும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பழைய எனாமல் பெயிண்ட் பூசியிருந்தால் அதில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். காய்ந்த பெயிண்டைத் தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம், குழந்தைகள் இருக்கிற வீட்டில் நிச்சயமாக வேண்டாம்.

ஐடியா வருவதற்கு எந்த மரம் நல்லது?
– சென்னை வாசகர்

கைக்கு எட்டுகிற மரம்.

ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. வாராவாரம் மெஷின் வந்த பைன் பேலட் (சாமானை ஏற்றி வைக்கிற மரத்தட்டு) பலகைகளை அள்ளிக் கொட்டுகிறார்கள், கேட்டால் சும்மாவே தருகிறார்கள். ஆனால் பார்க்க ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது, ஆணி ஓட்டை, கறை. இதில் என்ன கலை செய்ய முடியும்?
– ஓசூர் வாசகர்

முதலில் முத்திரையைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற பேலட்டில் கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரை ஒன்று சுட்டிருப்பார்கள். பக்கத்தில் எச்.டி. (HT) என்று இரண்டு ஆங்கில எழுத்து இருந்தால் பூச்சி சாவதற்காகச் சூடேற்றிய மரம், நடுப்பகுதி வரை 56 டிகிரி, 30 நிமிடம். பயமில்லாமல் எடுக்கலாம். எம்.பி. (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற விஷப் புகை போட்டது, தொடாதீர்கள், அடுப்பிலும் வைக்காதீர்கள். எச்.டி.யாகவே இருந்தாலும் எண்ணெயோ ரசாயனமோ கொட்டின கறை இருந்தால் விட்டுவிடுங்கள். உங்கள் கடிதத்தில் "கறை" என்று படித்ததும் எனக்கு முதலில் வந்த கவலை அதுதான்.

சரி, கலைக்கு வருவோம். கலிபோர்னியாவில் டெய்லர் என்ற பெயரில் கிட்டார் செய்கிற கம்பெனி ஒன்று உண்டு, அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் பாப் டெய்லர். கிட்டார் உலகத்தில் மரத்தைப் பற்றிய மயக்கம் கொஞ்சநஞ்சமல்ல, பிரேசில் ரோஸ்வுட் இல்லையென்றால் சத்தமே வராது என்று சத்தியம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பாப் டெய்லர் 1995இல் என்ன செய்தார், தொழிற்சாலைக் குப்பையில் கிடந்த ஓக் பேலட் ஒன்றைப் பிரித்து அதன் பலகையில் கிட்டாரின் முதுகும் பக்கமும் செய்தார். முகப்புப் பலகைக்கு, அமெரிக்காவில் வீடு கட்ட எல்லாக் கடையிலும் விற்கிற ரெண்டுக்கு நாலு சட்டம். (பெயர்தான் ரெண்டுக்கு நாலு, இழைத்துக் கைக்கு வரும்போது ஒன்றரைக்கு மூன்றரைதான் இருக்கும். நம்மூர் மரவாடியில் அளவு போடுகிற ஆளை மட்டும் குறை சொல்லக்கூடாது.) ஆணி ஓட்டைகளை மக்குப் போட்டு மறைக்கவில்லை, அலுமினிய வில்லை பதித்து எடுத்துக்காட்டினார். வாசிக்கிற கழுத்துப் பலகையில் முத்துச்சிப்பியில் பூவும் கொடியும் பதிப்பது வழக்கம், இவர் பேலட் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் படத்தைப் பதித்தார்! கிட்டார் நன்றாகவே பாடியது. அவர் விஷமத்துக்குச் செய்யவில்லை, மரத்தின் பெயரைவிடச் செய்கிற கைதான் சத்தத்தைத் தீர்மானிக்கிறது என்று காட்டுவதற்காகச் செய்தது.

எனக்கு இதில் பிடித்தது அந்த ஆணி ஓட்டைதான். நீங்கள் கடிதத்தில் குறையாக எழுதியதை அவர் அலங்காரமாக எடுத்துக்கொண்டார். உங்கள் பலகையிலும் ஆணி துருப்பிடித்துச் சுற்றிலும் நீலக் கறுப்பாக ஒரு வட்டம் ஊறியிருக்கும் பாருங்கள், எந்தச் சாயக்கடையிலும் கிடைக்காத நிறம் அது.

பெட்டிப் பலகை என்றால் மட்டம் என்ற நினைப்பு புதுசு இல்லை, அதை உடைத்தவர்களும் புதுசு இல்லை. 1934இல், உலகமே பண முடையில் தவித்துக்கொண்டிருந்தபோது, நெதர்லாந்தின் கெரிட் ரீட்ஃபெல்ட் சாமான் பெட்டிப் பலகை மாதிரியான மரத்திலேயே நாற்காலி போட்டார், வாங்குகிறவர் வீட்டில் தானே பூட்டிக்கொள்ளலாம். 1974இல் இத்தாலியின் என்சோ மாரி சாதாப் பலகையும் ஆணியும் சுத்தியலும் மட்டும் வைத்துச் செய்கிற மேசை, கட்டில், நாற்காலி வரைபடங்களைத் தபால் செலவு அனுப்பியவர்களுக்கெல்லாம் இலவசமாக அனுப்பிவைத்தார். ஓசூரிலிருந்து நீங்கள் தொடங்க நாற்காலி வேண்டாம், கஷ்டம். ஒரு முக்காலி போதும்.

மரவேலை கற்றுக்கொண்டு இரண்டு வருடம் ஆகிறது. கணு விழுந்த பலகை, வெடிப்பு விழுந்த பலகை என்றால் எங்கள் ஆசாரி ஒதுக்கிவிடுவார். நீங்கள் அதையே உற்றுப் பார் என்கிறீர்கள். யார் சொல்வதைக் கேட்பது?
– மதுரை வாசகர்

உங்கள் ஆசாரி சொல்வதை. அவர் கதவும் கட்டிலும் செய்கிறவர், கணு இருக்கிற இடத்தில் மரத்தின் ரேகை அதைச் சுற்றி வளைந்து போகும், அங்கே பாரம் ஏறினால் முறியும், இழைப்புளி போட்டால் பிசிர் கிளம்பும். கிளை காய்ந்துபோன பிறகு மரம் அதை விழுங்கியிருந்தால் கணு மரத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கும், ஒருநாள் கழன்று ஓட்டையாக விழுந்துவிடும். கட்டில் காலில் அப்படிக் கணு இருந்து பாதி ராத்திரியில் அது போனால் வாடிக்கையாளர் உங்கள் ஆசாரியைத்தான் தேடி வருவார், என்னைத் தேடி வரமாட்டார்.

ஆனால் அவர் ஒதுக்கிப் போட்டதை வீட்டுக்கு எடுத்துப் போக அவர் தடை சொல்ல மாட்டார் அல்லவா? அங்கேதான் என் பேச்சு செல்லும்.

ஜார்ஜ் நகாஷிமா என்று ஒருவர். 1905இல் அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியர், படித்தது கட்டடக்கலை. டோக்கியோவில் அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டடக்கலைஞரிடம் வேலை பார்த்தபோது, 1930களின் கடைசியில், அவரைப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள், அரவிந்தர் ஆசிரமத்துக்காகக் கோல்கொண்டே என்ற விடுதி கட்டுகிற வேலையைப் பார்த்துக்கொள்ள. வந்தவர் ஆசிரமத்திலேயே சேர்ந்துவிட்டார், சுந்தரானந்தா என்று பெயரும் கிடைத்தது. அந்தக் கட்டடத்துக்குத் தேக்கில் அவர் வடிவமைத்த சாமான்கள்தான் மரச்சாமானில் அவருடைய ஆரம்பம். அப்புறம் அமெரிக்கா திரும்பினார், போர் வந்தது, ஜப்பானிய வம்சத்தில் பிறந்த குற்றத்துக்காக 1942இல் மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஐடஹோ மாநிலத்துப் பாலைவனத்தில் மினிடோகா முகாமில் அடைத்தார்கள். அங்கே ஜப்பானிய முறையில் பழகிய தச்சர் ஒருவர் இருந்தார், கென்டாரோ ஹிகோகாவா. மரம் எது? முகாம் கட்டி மிஞ்சின துண்டுப் பலகையும் பாலைவனத்தில் முளைக்கிற முண்டும் முடிச்சுமான புதர்க்கட்டையும்தான். படித்த கட்டடக்கலைஞர் ஒருவர் அந்தத் தச்சரிடம் உட்கார்ந்து உளி பிடிக்கக் கற்றுக்கொண்டது அந்தத் துண்டுகளில்.

பிற்காலத்தில் அவர் மேசைகளின் அடையாளமே வெடிப்புதான். வெடிப்பு விழுந்த பலகையை நடுவில் போடுவார், அது மேலும் விரியாமல் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் ஒரு கட்டையைப் பதித்துப் பூட்டுவார், இடுப்பு ஒடுங்கி இரண்டு பக்கமும் விரிந்த கட்டை, இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பட்டை உரித்த ஓரத்தை நேராக அறுக்காமல் மரம் வளைந்த மாதிரியே விட்டுவிடுவார். அவர் பட்டறை உருவாக்கிய அமைதி மேசை ஒன்று ஆரோவில்லில் இருக்கிறது, மதுரையிலிருந்து அரை நாள் பயணம், உங்கள் ஆசாரியையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். பூட்டு எவ்வளவு இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் விரலால் தடவிப் பார்ப்பவர் அவராகத்தான் இருக்கும்.

ஓட்டு வீட்டைப் பிரித்ததில் கூரைக்குப் போட்டிருந்த பனங்கை (பனைமரச் சட்டம்) நாலைந்து கிடக்கிறது. வளையம், கணு என்கிறீர்கள், பனையில் அது எதுவுமே இல்லையே?
– திருச்செந்தூர் வாசகர்

நல்ல கேள்வி, கொஞ்சம் என்னை மடக்கிவிட்டீர்கள். பனையில் வளையமும் கிடையாது, கிளைக்கணுவும் கிடையாது. வெளியே வைரம் (உறுதியான பாகம்) இருந்தால் புல், உள்ளே வைரம் இருந்தால் மரம் என்று தொல்காப்பியம் பிரித்துச் சொல்கிறது, அந்தக் கணக்கில் பனை புல். இன்றைய தாவரவியலும் அதைப் புல்லுக்குப் பக்கத்தில்தான் வைக்கிறது. தேக்கில் நடுவில் தேடுகிற உறுதியைப் பனையில் ஓரத்தில் தேட வேண்டும், நடு சோறு மாதிரி.

பனங்கையைக் குறுக்கே அறுத்தால் வெட்டுமுகத்தில் கறுப்புப் புள்ளிகள், ஓரத்தில் நெருக்கமாக, உள்ளே போகப்போக இடைவெளி விட்டு. நீளவாக்கில் இழைத்தால் அதே புள்ளிகள் கறுப்புக் கோடுகள். இப்போது ஒரு வேடிக்கை செய்யுங்கள், சாய்வாக அறுங்கள். புள்ளி நீண்டு எள் மாதிரி ஆகும், இன்னும் சாய்த்தால் நெல் மாதிரி, இன்னும் சாய்த்தால் மழைக்கோடு. வளைவான ஒரு பொருளை, ஒரு கிண்ணமோ உருண்டையான கைப்பிடியோ, பனையில் செய்தால் அதன் உடம்பிலேயே புள்ளி எள்ளாகி, எள் நெல்லாகி, நெல் கோடாகி ஓடும், ஒரு பொட்டு சாயம் தொடாமல். தேக்கில் இது நடக்காது. உளியை அடிக்கடி தீட்ட வேண்டியிருக்கும், வெறுங்கையால் தடவினால் சிலாம்பு ஏறும், அது பழுத்து வெளியே வர ஒரு வாரம் ஆகும், சொல்லிவிட்டேன்.

வேம்பில் கிண்ணம் குடைந்தேன், பத்து நாளில் பிளந்துவிட்டது. கையே விட்டுப்போச்சு.
– சேலம் வாசகி

எனக்கும் நடந்தது, அதே வேம்பு. எங்கள் தெருவில் கரன்ட் கம்பிக்காகக் கிளை வெட்டிப் போட்டார்கள், பச்சை மரம் வெண்ணெய் மாதிரி செதுக்க வந்தது, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கிண்ணம் முடிந்து அதை ஃபிரிட்ஜ் மேல் பெருமையாக வைத்தேன். புதன்கிழமை ராத்திரி "டப்" என்று ஒரு சத்தம். பூனை என்று நினைத்தேன்.

காரணம் எளிது. மரம் காயும்போது நாலு பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது, வளையத்தைச் சுற்றுகிற திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே போகிற திசையில் சுருங்குவதைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அப்படியானால் எங்காவது ஒரு இடத்தில் நடுவை நோக்கிப் பிளந்துதான் ஆக வேண்டும். முழுக் கிளையாக, நடுத்தண்டை உள்ளே வைத்துக்கொண்டு குடைந்தால் பிளப்பது நிச்சயம். அடுத்த முறை கட்டையை நடுத்தண்டு வழியாக இரண்டாகப் பிளந்துவிட்டு ஒரு பாதியில் குடையுங்கள், மெல்லக் காய விடுங்கள், இரண்டு வெட்டு முனையிலும் மெழுகோ மிச்சம் கிடக்கிற பெயிண்டோ பூசுங்கள், ஈரம் முதலில் ஓடுவது அந்த முனைகள் வழியாகத்தான். அவசரமாகச் செய்ய ஆசை இருந்தால் பழைய மரத்துக்குப் போங்கள், அது ஏற்கெனவே சுருங்கி முடித்துவிட்டது.

பிளந்த கிண்ணத்தை எறிந்துவிடாதீர்கள். என்னுடையதில் பிளவு விழுந்த இடத்தில் ஊதுபத்தி சரியாக நிற்கிறது.

பழைய வீட்டு மரம், பழைய வீட்டு மரம் என்று எல்லோரும் சொல்கிறீர்களே, அதில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா, வெறும் சென்டிமென்டா?
– கும்பகோணம் வாசகர்

கும்பகோணத்துக்காரர் இதைக் கேட்கலாமா? பஸ் ஏறினால் நரசிங்கம்பேட்டை. அங்கே நாகஸ்வரம் கடைகிறவர்கள் ஆச்சா மரத்தில்தான் கடைகிறார்கள், அதிலும் பழைய வீடு பிரிக்கும்போது வருகிற ஆச்சாக் கட்டைகளைத் தேடிப் பிடித்து வாங்குவார்கள், பல வருடம் கூரையைத் தாங்கிக் காய்ந்த கட்டை என்பதற்காக. ஈரம் எல்லாம் வற்றி, இனிமேல் கோணாது, வெடிக்காது என்று கட்டையே நிரூபித்த பிறகுதான் கடைசலில் ஏற்றுகிறார்கள். 2022இல் அந்த நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. உத்திரத்தை உத்திரமாகப் பார்க்காமல் ஊதினால் என்ன ஆகும் என்று முதன்முதலில் யோசித்த அந்த மனிதர் யாரோ, அவர் இந்தப் பகுதிக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டார். சென்டிமென்டும் கொஞ்சம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

வரைந்து வைத்துக்கொண்டு தொடங்கணுமா?
– பத்தாம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்

பேப்பரில் வேண்டாம்மா. சாக்பீஸை எடுத்துக் கட்டையின் மேலேயே வரை. பிடிக்கவில்லை என்றால் ஈரத் துணி. பேப்பரில் வரைந்தால் கணு எங்கே இருக்கிறது என்று பேப்பருக்குத் தெரியாது.

என்ன கட்டை என்றே தெரியாத பழைய பலகை ஒன்று இருக்கிறது. காய்கறி வெட்டுகிற பலகை செய்யலாமா?
– ஈரோடு வாசகி

வேண்டாம். என்ன மரம், என்ன பூசினார்கள் என்று தெரியாததைச் சாப்பாட்டுப் பக்கம் கொண்டுவராதீர்கள். சுவரில் மாட்டுகிற எதையாவது செய்யுங்கள்.

ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறீர்கள். உங்கள் வீட்டில் சும்மா கிடக்கிற கட்டை எது?
– பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர்

இருக்கிறது, ஐந்து வருடமாக இருக்கிறது. வேங்கை, ஒன்றரை அடி, எங்கள் பகுதி மரவாடியில் துண்டுக் கட்டைக் குவியலில் கிடந்தது. விறகு விலைக்குத்தான் கொடுத்தார்கள். பார்க்கத் தடியாக, மங்கலாக, அழுக்காக இருந்தது. வீட்டுக்கு வந்து ஒரு பக்கம் இழைத்ததும் உள்ளே தேன் நிறம், நடுநடுவே கருந்தேன். ஈரக் கையோடு தொட்டுவிட்டேன், விரலெல்லாம் பழுப்பு, வேங்கைக்கு அந்தக் குணம் உண்டு. சரி, இன்றைக்கே ஏதாவது செய்துவிடலாம் என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அதில் பென்சிலில் ஒரு அம்புக்குறி, பக்கத்தில் "மேல்" என்று தமிழில் எழுதியிருந்தது. முதலில் "மேலெ" என்று ஏதோ தொடங்கி அடித்துவிட்டுத் திரும்ப எழுதியிருக்கிறார். யாரோ ஒரு ஆசாரி, எந்த வீட்டுக்கோ எந்த ஜன்னலுக்கோ தலைகீழாகப் பூட்டிவிடக் கூடாது என்று தனக்குத்தானே போட்டுக்கொண்ட குறிப்பு. பூட்டிய பிறகு அது சுவருக்குள் போயிருக்கும், யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

மூன்று தடவை இழைப்புளியை அந்தப் பக்கத்தில் வைத்து எடுத்துவிட்டேன். இப்போதைக்குக் காற்றில் அடித்துக்கொள்கிற பின்பக்கக் கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. அம்புக்குறி மேலே பார்த்த மாதிரிதான் வைக்கிறேன்.